முள்ளின் மேல் போட்ட பழி

எங்கள் காரில் மூன்று முட்கள் இருந்தன. பெட்ரோலுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, இஞ்சின் சூட்டுக்கு ஒன்று. மூன்றும் நேர்மையான முட்கள். அவற்றைப் பொய்யர்களாக்கியவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு சின்னதும் பெரியதுமாக எத்தனையோ திருட்டுத்தனங்கள் செய்து, ஒப்புக்கொண்டு, அடி வாங்கி, மன்னிப்பும் வாங்கியிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள மட்டும் ஆள் கிடைக்கவில்லை. யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமோ அவர் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவரை அனுப்பி வைத்தவனும் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தாவை, அதாவது என் அப்பாவை, நான் முதன்முதலில் பார்த்தது ஐந்து வயதில். அதுவரைக்கும் அவர் எங்கள் வீட்டுக்குக் கடுதாசியாக மட்டும் வந்துகொண்டிருந்தார். பினாங்கில் ஒரு ரப்பர் தோட்டத்து துரையிடம் கார் ஓட்டினார். ஒரு நாள் காஜிமார் தெருவில் எங்கள் வாசலில் தகரப் பெட்டியும் குடையுமாக உயரமான மனிதர் ஒருவர் வந்து நின்றார். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். யாரோ ஒருத்தர் வந்து அம்மாவை அழ வைக்கிறாரே என்று நான் ஓடிப்போய் அவர் முழங்காலைக் கடித்துவிட்டேன். அத்தாவுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான்.

இனிமேல் கப்பல் ஏறுவதில்லை என்று அவர் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன. பினாங்கில் சேர்த்ததையும் அம்மாவின் நகைகளையும் போட்டு, ஒரு வக்கீல் ஓட்டிக் கழித்த அமெரிக்கக் காரை வாங்கினார். அந்தக் காலத்தில் அதைப் பிளசர் என்போம். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். மேலூர் போவார், உசிலம்பட்டி தாண்டி எழுமலை வரைக்கும் போவார். எங்கே போனாலும் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். தெருவில் உள்ளவர்கள் காரின் வேகத்தைப் பற்றியும் மினுமினுப்பைப் பற்றியும் பேசுவார்கள். அம்மா அதைப் பற்றிச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்:

"இது ஓடுற வரைக்கும் உங்க அத்தா கப்பலேற மாட்டாக."

தினமும் காலையில் ஒரு ஈரத் துணியால் அதன் முன்விளக்குகளைத் துடைத்துவிடுவாள். என் முகத்தை அவள் அவ்வளவு அக்கறையாகத் துடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

காரை விற்ற வக்கீல் கொஞ்சம் ரசிகர். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த தகரப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, தச்சர் ஒருவரை வைத்துத் தேக்குப் பலகை செதுக்கி, மெருகேற்றி, மீட்டர்களை அதில் பதித்திருந்தார். பார்த்தால் பீரோ மாதிரி இருக்கும். அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு பொந்து. பெரியவர்கள் யாருக்கும் அதற்குள் தலை போகாது. எனக்குத் தலையும் போகும், தோளும் போகும். மற்றப் பிள்ளைகள் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிவார்கள். நான் காருக்குள் ஒளிவேன். ஒருத்தனும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் பொந்துக்குள் ஒரு நாள் மல்லாந்து கிடந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

செம்புக் கம்பி. மெல்லிசான நூறு கம்பிகளைச் சேர்த்துப் பின்னலாகப் பின்னி, தட்டையாக, ஒரு விரல் அகலத்துக்கு, பெண்பிள்ளைகள் கட்டும் நாடா மாதிரி இருந்தது. ஒரு நுனி மீட்டருக்குப் பின்னால், மறுநுனி காரின் இரும்புச் சட்டத்தில் ஓர் ஆணியில். இருட்டிலும் தங்கமாக மின்னியது.

அந்தச் சமயத்தில் எனக்குத் தங்கத்துக்கு அவசரத் தேவை இருந்தது. எங்கள் வகுப்பில் ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தான். மணி என்ன என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டான். முதலில் மூக்குக்கு நேரே கையைத் தூக்கி ஆட்டுவான். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், "எங்க அத்தாவும் எனக்குப் பினாங்குல இருந்து கொண்டாந்துருக்காக. வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் போதுமா? கொண்டுவா என்றார்கள்.

தலைவலித் தைலத்தின் சின்ன டப்பி மூடி ஒன்றில் வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, மையால் எண்கள் எழுதி, இரண்டு முட்கள் வரைந்து கடிகாரம் செய்துவிட்டேன். எத்தனை மணி வரைவது என்று யோசிக்கவே இல்லை. நாலரை. பள்ளிக்கூடம் விடும் நேரம். குறை பட்டை ஒன்றுதான். அந்தப் பட்டை இதோ என் மூக்குக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நட்டு ஏற்கெனவே லொடலொடவென்றுதான் இருந்தது. நான் திருகியது கொஞ்சம்தான் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சட்டைக் கைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு, மூன்றடி தூரத்தில் நிற்பவனுக்கு மட்டும், கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் காட்டுவேன். பினாங்குக் கடிகாரம் வெயில் பட்டால் கெட்டுவிடும் என்பது என் விளக்கம். தைல வாசனை அடிக்கும். அது பினாங்கு வாசனை. வகுப்பில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நாலரை மணிக்கு மட்டும் பார்த்ததால் அவர்களும் நம்பினார்கள்.

மறுநாளிலிருந்து காருக்குப் பைத்தியம் பிடித்தது.

குழியில் இறங்கினால் மூன்று முட்களும் ஒன்றாகத் துள்ளும். விளக்கைப் போட்டால் சூட்டு முள் சிவப்புக்கு ஓடும். அணைத்தால் செத்தது போலக் கீழே விழும். ஹாரன் அடித்தால் பெட்ரோல் முள் நிறைந்திருப்பதாகச் சொல்லும். ஒரு நாள் விளாங்குடிப் பக்கம் நெல் வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது டாங்கி நிறைய இருப்பதாகக் காட்டிவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டது. வியாபாரி இறங்கித் தள்ளினார். தள்ளிக்கொண்டே அத்தாவின் பரம்பரையைப் பற்றி என்னென்னவோ சொன்னாராம்.

அத்தா காரைக் கீழவெளி வீதி மேஸ்திரியிடம் கொண்டுபோனார். மேஸ்திரி மோட்டார் ரிப்பேரில் மதுரைக்கே பெரிய கை. காதில் பென்சில், வாயில் வெற்றிலை. பானெட்டைத் திறந்து இஞ்சினை வெகுநேரம் பார்த்துவிட்டு, நாடி பிடிப்பது போல ரேடியேட்டர்க் குழாயைப் பிடித்துப் பார்த்தார்.

"பாய், முள்ளுல ஒண்ணும் இல்ல. முள்ளு என்ன செய்யும்? உள்ள சூடு இருக்கு, அது சொல்லுது. ரேடியேட்டர்ல உப்பு அடைச்சிருக்கும்."

சோடாக்காரம் ஊற்றிக் கழுவினார்கள். முள் துள்ளியது. ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். துள்ளியது. சூடு பார்க்க இஞ்சினில் சொருகியிருந்த குமிழைக் கழற்றி வெந்நீர்ச் சட்டியில் போட்டுப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று திரும்ப மாட்டினார்கள். பேட்டரியைத் தனியாக ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் மேஸ்திரி பென்சிலால் தலையைச் சொறிந்தபடி சொன்னார்: "எர்த்துல கோளாறா இருக்கலாம் பாய்."

"எர்த்துன்னா?" என்று கேட்டேன் நான்.

"போன கரண்டு திரும்பி வர்ற வழிடா மாப்ள. இரும்புச் சட்டம் வழியா வரும். வழி விட்டுப்போச்சுன்னா திக்குத் தெரியாம அலையும். முள்ளு ஆடத்தான் செய்யும்."

மேஸ்திரி பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் பெரிய வாரை இறுக்கினார். அது சரியாகத்தான் இருந்தது. தகரப் பலகையாக இருந்தால் வேறு எர்த்தே தேவைப்பட்டிருக்காது. வக்கீலின் தேக்குக்காக ஒரு தனிக் கம்பி போட்டிருந்தார்கள் என்பது மேஸ்திரிக்கும் தெரியாது, அத்தாவுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

அன்றைக்கே திரும்ப மாட்டியிருக்கலாம். மாட்டிவிட்டால் பள்ளிக்கூடத்தில் என் மணிக்கட்டு வெறுமையாக இருக்குமே! வெள்ளிக்கிழமை மாட்டுவோம், பரீட்சை முடிந்து மாட்டுவோம் என்று தள்ளிப்போட்டேன். பெரிய தவறுகள் செய்வதற்குப் பெரிய புத்தி வேண்டியதில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லத் தெரிந்தால் போதும். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

இதற்குள் என் கையிலும் கோளாறு வந்தது. வேர்வை பட்டுப் பட்டுச் செம்பு களிம்பேறி, மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையாக வளையம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

"யா அல்லா, புள்ளைக்குப் பாசி புடிச்சிருக்கே!"

புளி போட்டுத் தேய்த்தாள். இரண்டு நாள் போகும், மூன்றாம் நாள் வரும். காருக்கு மேஸ்திரி, எனக்குப் பள்ளிவாசல் மோதினார். அவர் ஓதி ஊதி, கறுப்புக் கயிறு ஒன்றை அதே மணிக்கட்டில் கட்டினார். அம்மா இன்னொரு கயிற்றையும் வாங்கி வந்து கார் ஸ்டியரிங்கில் கட்டினாள். ஒரே திருட்டுக்கு இரண்டு இடத்தில் வைத்தியம் நடந்தது. இரண்டும் பலிக்கவில்லை.

கடைசியில் அத்தா முட்களோடு ஒரு சமாதானத்துக்கு வந்தார். அவற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பெட்ரோலுக்கு டாங்கியில் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். சூட்டுக்கு மூக்கு. இஞ்சின் காய்ந்தால் ரப்பரும் எண்ணெயும் கலந்து ஒரு வாடை வருமாம். வந்ததும் நிழலில் நிறுத்தி ஆறவைப்பார். "பினாங்குல மலையேறுறப்பவும் இந்த மூக்குதான்டா மீட்டரு" என்பார். சூட்டு முள்ளுக்குப் 'பொய்யன்' என்று பெயர் வைத்துவிட்டார். "பொய்யன் என்ன சொல்றான்?" என்று வேடிக்கையாகக் கேட்பார். நான் சிரிப்பேன். சிரித்தபடியே சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அந்த வைகாசியில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு எங்கள் கார் பேசப்பட்டது. மாப்பிள்ளை வீடு நெல்பேட்டையில், பெண் வீடு கோரிப்பாளையத்தில். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளையைக் காரில் வைத்து, பேண்டு வாத்தியத்தோடு, வைகைப் பாலத்தைத் தாண்டி ஊர்கோலமாகப் போக வேண்டும். இந்த ஒரு கல்யாணத்தில் கார் எல்லார் கண்ணிலும் பட்டால் அந்த வருஷத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் நம் வண்டியில்தான் என்று அத்தா அம்மாவிடம் சொன்னார். அம்மா முன்விளக்குகளை இரண்டு தரம் துடைத்தாள். பாசி பிடித்த பிள்ளைக்கு ஓர் ஆறுதலாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில். புதுச் சட்டை. உள்ளே கடிகாரம்.

மாப்பிள்ளையின் மாமு பூ வியாபாரி. மதுரைப் பூ வியாபாரி வீட்டுக் கல்யாணம் என்றால் சும்மாவா? தர்காவில் போர்த்துகிற மாதிரி முழுக்க முழுக்க மல்லிகையால் ஒரு போர்வை கட்டி, எட்டுப் பேர் தூக்கிவந்து காரின் மூக்கில் போர்த்தினார்கள். பானெட் முழுக்க மூடி, முன்னால் ரேடியேட்டரை மறைத்து, தரை வரைக்கும் தொங்கியது. அவர்கள் குடும்பத்தில் குதிரையில் ஊர்கோலம் போன காலத்தில் குதிரைக்குப் போர்த்திய வழக்கமாம். இப்போது குதிரைக்குப் பதில் கார்.

அத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முன்னாடி மட்டும் கொஞ்சம் விலக்கிக்கிருவோமா பாய்? காத்துப் போகலைன்னா இஞ்சின் மூச்சு முட்டும்."

பூ மாமு சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டியளா! மாப்பிள்ளை மூஞ்சியவே பூவால மூடி வச்சிருக்கோம். அவரு மூச்சு விடலையா? வண்டி என்ன மாப்பிள்ளையை விட ஒசத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெற்றியிலிருந்து தொங்கிய பூச்சரத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டார். அதற்கும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினார். வேறு என்ன செய்வார்? இந்த ஒரு கல்யாணம்.

ஊர்கோலம் என்றால் நடக்கிற வேகம்கூட இல்லை. பத்தடிக்கு ஒரு தரம் பேண்டுக்காரர்கள் நின்று திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு முழுப் பாட்டு வாசிப்பார்கள். இஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். வெயில் சாயவில்லை. நெல்பேட்டையைத் தாண்டும்போது நான் பலகையைப் பார்த்தேன். பெட்ரோல் முள்ளும் பேட்டரி முள்ளும் வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தன. சூட்டு முள் மட்டும் ஆடவில்லை. மெல்ல மெல்ல, பெரிய மனிதர் படியேறுவது போல, சிவப்புக்கு ஏறி, அங்கேயே நின்றது.

"அத்தா, முள்ளு சிவப்புல நிக்குது."

"பொய்யன் நேத்து வண்டி ஓடாதப்பவே அங்கனதான் நின்னான். விடு."

"இல்லத்தா, இன்னிக்கி ஆடல. அப்படியே நிக்குது."

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். எனக்கு இன்றைக்கும் மல்லிகைப்பூவைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது அந்த மூச்சுதான்.

"மல்லியப்பூ வாசம்தான்டா வருது. மாப்பிள்ளை வண்டியில வேற என்ன வரும்?" என்றார் சந்தோஷமாக.

எனக்கு அப்போது எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்திருந்தது: முள் எதனால் பொய்யன் ஆனது என்பது இந்த ஊர்கோலத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். 'அத்தா, கம்பி எங்கிட்ட இருக்கு.' நான்கே சொற்கள். வாயைத் திறந்தேன். பேண்டுக்காரர்கள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் பாலம் வரட்டும் என்று நினைத்தேன்.

பாலம் வந்தது. கீழே வைகையில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பாலத்தில், கூட்டமெல்லாம் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, காரின் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. பானெட்டுக்கு மேலே பூப்போர்வை உப்பியது. அப்புறம் புஸ்ஸென்று ஆவி பீறிட்டு, மல்லிகைப்பூ ஆளுயரத்துக்குப் பறந்து, கொதிக்கக் கொதிக்க எல்லோர் தலையிலும் விழுந்தது. பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வெந்த பூவின் வாசனை இருக்கிறதே, அது பூவிலும் சேராது, கறியிலும் சேராது.

அத்தா இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்ந்து இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பூச்சரத்துக்குள் கண் தெரியாமல் தடுமாறிய மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் முன்பக்கம், "தண்ணி! தண்ணி கொண்டாங்க!" என்று பூ மாமு கத்தினார். தண்ணீர் எங்கே இருக்கிறது? ஊர்கோலத்தோடு வண்டியில் வந்துகொண்டிருந்தது நன்னாரி சர்பத் அண்டாதான். மேலே ஐஸ்கட்டிகள் மிதந்தன. பூ மாமு தோள்துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்தார். நல்ல மனிதர், கை வெந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேர் அண்டாவைத் தூக்கினார்கள்.

"ஊத்தாதீங்க பாய்! ஆறட்டும்! ஊத்தாதீங்க!"

அத்தா மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்தார். அதற்குள் ஊற்றிவிட்டார்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். பல்லால் கற்கண்டைக் கடித்தால் வருமே, அவ்வளவுதான். அத்தா ஓடிவந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை மிச்சத் தூரத்தை நடந்தே போய் நிக்காஹ் செய்துகொண்டார். கூட்டமும் பேண்டும் போனபின் பாலத்தில் நாங்கள் இருவரும்தான். காருக்கு அடியில் சர்பத் ஒழுகி, எறும்பு வர ஆரம்பித்தது. அத்தா குனிந்து, ரேடியேட்டரின் கண்களில் ஒட்டிக்கிடந்த வெந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். இனி எடுத்து என்ன பிரயோஜனம் என்று எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இரண்டு மாட்டைக் கட்டிக் காரை மேஸ்திரியிடம் இழுத்துக்கொண்டுபோனோம். அவர் இஞ்சின் மேல் விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இஞ்சின் பிளாக்கு பிளந்துருச்சு பாய்."

"பித்தளை வச்சு ஊத்திப் பாத்தா?"

"நாலு நாளைக்கு நிக்கும். வேற பிளாக்குதான் போடணும். யுத்தம் வந்ததுல இருந்து அமெரிக்காச் சாமான் எங்க வருது? இனி இது பேரீச்சம்பழத்துக்குத்தான்."

அத்தா கதவைத் திறந்து முட்களைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பலகையைக் கழத்துங்க மேஸ்திரி" என்றார்.

"சாகப்போற வண்டிக்கு எதுக்குப் பாய் முள்ளு வைத்தியம்?"

"அவன் இன்னிக்கி உண்மையைச் சொன்னான். நான் நம்பல. ஏன் நம்பாம போனேன்னு எனக்குத் தெரியணும்."

தேக்குப் பலகை கழன்று வந்தது. மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்து, இரும்புச் சட்டத்தில் இருந்த ஆணியைத் தொட்டார். சுற்றிலும் துரு, ஆணியின் அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று இருந்தது.

"இங்கன ஒரு கம்பி இருந்திருக்கு பாய். தேக்குல கரண்டு போகாதுல்ல, அதுக்காகப் போட்ட எர்த்து. பின்னல் கம்பியா இருக்கும். செம்பு. எங்க போச்சு?"

அத்தா திரும்பிப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். கடிகாரம் கையில் இல்லை. பாலத்தில் பயந்துபோய்க் கழற்றி, முன்சீட்டு மெத்தையில் ஒரு கிழிசலுக்குள் தேங்காய் நாரோடு நாராகச் செருகிவிட்டிருந்தேன். என்னிடம் இனி ஒரு சாட்சியும் இல்லை என்ற தைரியத்தில் நேராக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரோட்டுல எங்கயாச்சும் அதிர்ந்து விழுந்திருக்கும்" என்றார் அத்தா.

"நட்டோடயா பாய்?"

"விழும் மேஸ்திரி. நம்ம ரோடு அப்படி. தப்பு என்னோடதுதான். வண்டி ஓட்டுறவன் மூக்கை நம்பலாமா?"

பிறகு என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார். மண்ணெண்ணெயில் ஒரு துணியை நனைத்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்த்தார். புளிக்கும் ஓதலுக்கும் மசியாத பச்சை, துணியோடு வந்தது. "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்றார். கையில் பட்ட கிரீசைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்தோம் என்று ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பழைய இரும்புக்கடைக்காரர் வருவதற்கு முதல் நாள் அத்தா காரைக் கழுவினார். கழுவித் துடைத்தார், சீட்டைத் தட்டினார். அவர் போனபின் நான் கடிகாரத்தை எடுக்கப் போனேன். கிழிசல் இல்லை. அதே நிற நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. போகிற வண்டிக்கு எதற்குத் தையல் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிகாரம் இரும்புக்கடையோடு போயிற்று, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தகரப் பெட்டி மறுபடியும் பரணிலிருந்து இறங்கியது. பினாங்குத் துரையே திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். யுத்தம் அந்தப் பக்கமெல்லாம் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா காலையில் எழுந்து ஈரத் துணியோடு வாசலுக்குப் போய், கார் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். நாகப்பட்டினம் போகிற ரயிலில் ஏறும்போது அத்தா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பச்சை போயிருச்சு" என்றார். அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

நாலைந்து மாதம் கடுதாசி வந்தது. பிறகு ஜப்பான்காரன் அங்கே வந்துவிட்டான். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. யுத்தம் முடிந்து கப்பலில் திரும்பியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அம்மா போய் வாசலில் நின்று விசாரித்தாள். ஒருவர் பார்த்தேன் என்றார், ஒருவர் இல்லை என்றார். சொல்ல ஆளில்லாத வருஷமும் வந்தது. அப்போதும் விசாரித்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஒரு விஷயம். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிவந்து, எனக்கென்று ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். கடுதாசி கிடையாது. பொட்டலத்தில் ஒரு கைக்கடிகாரம். நிஜமான கடிகாரம், தோல் பட்டை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒருத்தனும் ஆச்சரியப்படவில்லை. "இதைத்தான் போன வருஷமே வச்சிருந்தியே" என்றான் ஜவுளிக்கடைக்காரர் மகன். போதாக்குறைக்கு அது ஓடவும் இல்லை.

அன்று மாலையே உட்கார்ந்து அத்தாவுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். என் வாழ்நாளில் அவருக்கு நான் எழுதிய கடுதாசி அது ஒன்றுதான். 'தாங்கள் அனுப்பிய கடிகாரம் ஓடவில்லை. வந்ததிலிருந்து நாலரையிலேயே நிற்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். வேறு நல்லதாகப் பார்த்து அனுப்பவும்.' தபாலில் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. சேர்ந்திருக்கக் கூடாதென்று சில நாள் நினைப்பேன். சேர்ந்திருந்தால் ஒரு தரமாவது சிரித்திருப்பாரே என்றும் சில நாள் நினைப்பேன்.

மறுநாள் தெருவில் போன மேஸ்திரி கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். காதில் வைத்தார். "அட மாப்ள, இதுல ஒரு கோளாறும் இல்ல. சாவியே குடுக்கல" என்று பக்கத்துத் திருகைச் சுற்றினார். உடனே ஓட ஆரம்பித்தது. கப்பலில் வருகிற கடிகாரமெல்லாம் நாலரையில்தான் நிற்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முட்களைத் திருப்பிச் சரியான நேரத்தை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.